பறியும் கட்டும்: முட்டுக்காட்டுக் கழியோரத்தின் எளிய தொழிற்கருவிகள்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில், கோவளத்தை அடுத்துக் கடலோடு கலக்கும் முட்டுக்காட்டுக் கழி, கோடையில் அலைகள் தள்ளும் மணலால் முகம் அடைபட்டும் வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தால் மீண்டும் திறந்தும் வருவதால், உவர்நீரும் நன்னீரும் மாறி மாறி மேலோங்கும் நிலையற்ற நீர்ப்பரப்பாகவே இருந்துவந்துள்ளது. கழி என்பது கடல்நீர் உட்புகுந்து தங்கும், ஆழம் குறைந்த நீர்நிலை. இந்நீரிலும் அதையொட்டிய கடற்கரையிலும் பிழைத்தோர், தம் உழைப்பு எங்கே வீணாகிறது என்பதைக் கூர்ந்தறிந்து, அந்த ஓரிடத்தைச் சரிசெய்யும் எளிய கருவிகளை ஆக்கிக்கொண்டனர். இப்பகுதியைப் பற்றிய வரலாறுகள் கோவளத்துக் கோட்டையையும், 1752இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் கிளைவ் அதைக் கைப்பற்றியதையும் விரித்துரைக்கின்றன. அக்கரையில் நாள்தோறும் புழங்கிய கருவிகளுக்கு அவற்றில் ஓரிரு வரிகளே கிடைப்பது வருந்தத்தக்கது.

அக்கருவிகளுள் மிகச் சிறியது பறி, அதாவது பனையோலையால் முடைந்த மீன்கூடை. வடதமிழகக் கடலோரக் கழிகளில் இருளர் மக்கள், குறிப்பாகப் பெண்கள், இடுப்பளவு நீரில் அமர்ந்தும் நகர்ந்தும், சேற்றுக்குள் கைகளைத் துழாவி இறால் பிடிப்பர். இறாலைத் தடவியறியவும் மடக்கிப் பிடிக்கவும் இரு கைகளும் வேண்டியிருப்பதால், பிடித்ததைப் போட ஒவ்வொரு முறையும் கரையேறினால் பாதி நாள் நடையிலேயே கழிந்துவிடும். எனவே பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியோ கழுத்தில் மாட்டியோ கொண்டனர். கைகள் விடுபட்டன, முடைச்சலின் இடுக்குகளில் நீர் வடிந்தது, இறால் மட்டும் தங்கியது. இதற்கு ஆன செலவு சில ஓலைகளும் ஒரு பொழுதின் முடைச்சலுமே.

கடற்பக்கம் நிலைமை வேறு. இயற்கைத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில், கரையை நெருங்கும் அலைகள் வரிசை வரிசையாக உடைவதால், ஆணி அடித்த கடினமான படகுகள் அடிபட்டு நொறுங்கும். கட்டுமரம் இதற்குக் கண்ட விடை மிக நுட்பமானது. இலேசான மரத்தண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, அணியம் எனப்படும் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே அதன் அமைப்பு முழுவதும். உள்ளே புகுந்த நீர் தண்டுகளின் இடைவெளி வழியே தானே வெளியேறுவதால் அதை இறைத்துக் கொட்டும் வேலையே இல்லை; கவிழ்ந்தாலும் அது மூழ்காது; கட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால் அலையின் அடி சிதறிப்போகும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, தண்டுகளைத் தனித்தனியே தூக்கிச் சென்று வெயிலில் காயவைப்பர். நீர் ஊறிய மரம் கனத்து வேகம் குறையும் என்பதால் இது அன்றாடக் கடமை. 1876இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்குவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு வேறெந்தக் கலமும் செல்லத் துணியாத நாட்களிலும் கடிதம் கொண்டுசென்றோர் கட்டுமரக்காரர்களே; கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொள்வது அவர்கள் கையாண்ட வழி. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர் இக்கலத்தைக் குறிப்பிட்டார். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘கட்டுமரம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாற்றங்கள் விரைந்தன. மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, உலர்த்தி, அழுகாமல் காக்க வேண்டியிருந்த பருத்தி வலைகளின் இடத்துக்கு நைலான் வந்ததும், வாரந்தோறும் வலைக்குச் செலவான உழைப்பு பெருமளவு மிஞ்சியது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கிய வங்கக்கடல் திட்டம், நேரே மணலில் கரையேறவல்ல இயந்திரப் படகுகளை உருவாக்கிப் பார்த்தது. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் அவையே. அவை தொலைவுக்கும் வேகத்துக்கும் கைகொடுத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவிழ்த்துத் தோளில் சுமக்க முடியாத கலமாதலால், அவற்றை மணலில் இழுத்தேற்றப் பல குப்பங்களில் டிராக்டர் தேவைப்படுகிறது. எரிபொருளும் பழுதுபார்ப்பும் மீனவரின் கையைவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டன. இந்த இழப்பை வருவாய்க் கணக்கில் மட்டும் அளந்துவிட முடியாது.

கழிக்கரையில் எளிய கருவிகளின் மரபு அறிவியல் கூடத்திலும் தொடர்கிறது. 1987இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காட்டிலுள்ள தன் ஆய்வு நிலையத்தில் 1997இல் கொடுவா மீனைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது. கொடுவாக் குஞ்சுகளில் வேகமாக வளர்ந்தவை சிறியவற்றை விழுங்கிவிடும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை அவற்றை அளவுவாரியாகப் பிரித்தாக வேண்டும். இதற்குப் பயன்படுவது துளையிட்ட பிளாஸ்டிக் பாத்திரம்தான். குஞ்சுகளை அதிலிட்டு நீரில் அமிழ்த்தினால், சிறியவை துளை வழியே நீந்தி வெளியேற, பெரியவை உள்ளேயே தங்கிவிடும். பறியின் இடுக்குகளில் நீர் வடிந்து இறால் தங்கியதும் இப்படித்தான்.