கூடலூர்ச் சாலையில் ஒரு சோதனை

புதுச்சேரியிலிருந்து தவளக்குப்பம் வழியே கூடலூர் செல்லுகையில் திருச்சபை வரலாற்றின் சோதனைக் காலமொன்று நம் நினைவுக்கு வருகிறது. சுவீடன் தேசத்தவரான கீர்னாந்தர் ஐயர் 1740 முதல் கூடலூரில் அருட்பணி ஆற்றினார். 1758 ஜூன் 2ஆம் நாள் புனித டேவிட் கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்தது. பதினெட்டு ஆண்டு உழைப்பை விட்டு ஐயர் தரங்கம்பாடிக்கு ஒதுங்கினார். அவ்வாண்டே கல்கத்தா சேர்ந்து பள்ளியொன்றைத் தொடங்கினார். 1770இல் அங்கே ஆலயமும் எழும்பிற்று. கூடலூரின் இழப்பு வங்காளத்தின் சீர்திருத்தத் திருச்சபைப் பணிக்கு வித்தாயிற்று.

ஆயினும் இத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே பிரசங்கிப்போம். போரில் தளராத ஐயர் பிற்காலத்தில் மறுமணத்தால் செல்வரானார். 1787இல் கடன் சுமையால் அவ்வாலயமே பறிபோகும் நிலை வந்தது. சார்லஸ் கிராண்ட் பதினாயிரம் ரூபாய் கொடுத்து அதை மீட்டார். ஐயர் 1799இல் வறியவராய் மரித்தார். ஆகவே பாடுகள் மட்டுமல்ல, செழிப்பும் சோதனையே.

மிஷனரியை இழந்த கூடலூர்ச் சபையோ அழியவில்லை; 1767 முதல் கெரிக்கே ஐயர் அதனிடையே ஊழியம் செய்தார். இடைக்காலத்தில் ஜெபத்தை விடாதிருந்த தமிழ் விசுவாசிகளை நாம் பெயர் சொல்லிப் போற்றுவதில்லை. துன்பம் தானாகவே விசுவாசத்தை வளர்ப்பதில்லை; துன்பத்திலும் தேவனைப் பற்றிக்கொள்வோரிடமே அது வளர்கிறது. துயருறுவோரைத் தேற்றச் செல்லும் போதகராகிய நாம் இதை மறவாதிருப்போமாக.