அமெரிக்கப் பணியிடங்களில் புகையிலைத் தடையும் காப்பீட்டுக் கூடுதல் கட்டணமும்

பணியிடப் புகையிலைக் கட்டுப்பாடு என்பது ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு வேறுபட்ட நடவடிக்கைகளைக் குறிக்கும். ஒன்று, அலுவலகம், தொழிற்சாலை போன்ற வேலை செய்யும் இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தல். மற்றொன்று, புகைபிடிக்கும் ஊழியர்களிடமிருந்து மருத்துவக் காப்பீட்டுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான தொகையைப் பெறுதல். முதலாவது, புகைபிடிக்காத ஊழியர்களைப் பிறர் விடும் புகையிலிருந்து காப்பதற்காகத் தோன்றியது. இரண்டாவது, ஊழியர்களின் மருத்துவச் செலவைக் குறைக்க விரும்பிய நிறுவனங்களிடமிருந்து தோன்றியது. ஊழியரின் வீட்டுப் பழக்கத்தில் முதலாளி தலையிடலாமா என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் இடையில் எழுந்தது.

தொடக்க காலம்

சிகரெட் பிடிப்பவரை வேலைக்கு எடுக்காத வழக்கம், புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நிறுவப்படுவதற்கு முன்பே இருந்தது. 1914-இல் வாகன உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு சிகரெட்டுக்கு எதிராக ஒரு சிறுநூலை வெளியிட்டார். அதில் தாமசு எடிசன் எழுதிய கடிதம் ஒன்றும் இடம்பெற்றது. சிகரெட் சுற்றப்படும் தாள் எரியும்போது உண்டாகும் பொருள் மூளையைக் கெடுக்கிறது என்றும், சிகரெட் பிடிப்பவர்களைத் தாம் பணியில் அமர்த்துவதில்லை என்றும் எடிசன் அதில் தெரிவித்திருந்தார். அவரே சுருட்டுப் பிடிப்பவர். அக்காலத்து எதிர்ப்பு, மருத்துவச் சான்றைவிட ஒழுக்கம் பற்றிய கருத்தையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதை இது காட்டுகிறது.

இரு உலகப் போர்களுக்குப் பின் சிகரெட் பழக்கம் பெருகியது. அலுவலக மேசைகளில் சாம்பல் கிண்ணம் இருப்பது இயல்பாயிற்று. 1964 சனவரி 11 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி, சிகரெட் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற அறிக்கையை வெளியிட்டார். 1965-இல் அந்நாட்டில் வயது வந்தோரில் சுமார் 42 விழுக்காட்டினர் புகைபிடித்து வந்தனர்.

ஷிம்ப் வழக்கு (1976)

பணியிடத் தடையின் வரலாற்றில் நியூ செர்சி மாநிலத்து வழக்கு ஒன்று திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. டோனா ஷிம்ப் என்பவர் நியூ செர்சி பெல் தொலைபேசி நிறுவனத்தில் செயலராகப் பணியாற்றினார். சிகரெட் புகை அவருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. உடன் பணிபுரிந்தோர் தங்கள் மேசையிலேயே புகைபிடித்து வந்தனர். நிறுவனம் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றைப் பொருத்தியும் பயனில்லை. எனவே அவர் நீதிமன்றத்தை நாடினார்.

அதே நிறுவனம் தன் தொலைபேசி இணைப்புக் கருவிகள் இருந்த இடத்தில் புகைபிடிப்பதை முன்பே தடை செய்திருந்தது. புகை அந்த நுட்பமான கருவிகளைப் பழுதாக்கும் என்பதே காரணம். எந்திரத்தின் மீது இவ்வளவு அக்கறை காட்டும் நிறுவனம் மனிதர் மீதும் குறைந்தது அதே அளவு அக்கறை காட்ட வேண்டும் என்று நீதிபதி பிலிப் குரூச்சியோ கருதினார். பணி செய்யும் பகுதியில் புகைபிடிப்பதைத் தடுத்து, உணவறை போன்ற இடங்களில் மட்டும் அனுமதிக்குமாறு 1976 திசம்பரில் அவர் ஆணையிட்டார். இத்தீர்ப்பு பிற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும், தூய காற்றைத் தருவது முதலாளியின் கடமை என்ற வாதத்துக்கு இது சட்ட வடிவம் தந்தது.

பிறர் புகையும் சட்டங்களும்

1975-இல் மினசோட்டா மாநிலம் பொது இடங்களில் புகைபிடிக்காதோருக்குத் தனிப்பகுதி ஒதுக்கச் சட்டம் இயற்றியது. பிறர் விடும் புகை வெறும் தொல்லை மட்டுமன்று, நோயும் தரும் என்பதற்கான முக்கியச் சான்று 1981-இல் வெளிவந்தது. சப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அதிகம் புகைபிடிக்கும் கணவரைக் கொண்ட பெண்களிடையே நுரையீரல் புற்றுநோயால் இறப்பது அதிகமாக இருந்ததை அவர் கண்டறிந்தார்.

1986-இல் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கை இதனை உறுதி செய்தது. ஒரே காற்று உலவும் அறைக்குள் புகைபிடிப்போரையும் பிடிக்காதோரையும் பிரித்து அமர்த்தினால் பாதிப்பு குறையுமே தவிர நீங்காது என்று அவ்வறிக்கை கூறியது. தனிப்பகுதி ஒதுக்கும் பழைய முறை போதாது என்பது இதனால் தெளிவாயிற்று. 1993 சனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிறர் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என வகைப்படுத்தியது. புகைபிடிக்காதவர்களில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோய் வந்து இறப்பதாகவும் அது மதிப்பிட்டது.

நாடு முழுவதற்குமான பணியிடத் தடை உருவாகவில்லை. தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1994-இல் முன்மொழிந்த விதி, கடும் எதிர்ப்புக்குப் பின் 2001-இல் கைவிடப்பட்டது. ஆகவே மாற்றம் நகரங்கள், மாநிலங்கள் வழியாகவே வந்தது. சான் பிரான்சிசுகோ நகரம் 1983-இல் இயற்றிய பணியிடச் சட்டத்தை எதிர்த்துப் பொது வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் மிகச் சிறிய வேறுபாட்டில் சட்டத்தை நிலைநிறுத்தினர். கலிபோர்னியா மாநிலம் 1995 முதல் பெரும்பாலான மூடிய பணியிடங்களிலும், 1998 முதல் மதுக்கூடங்களிலும் புகைபிடிப்பதைத் தடுத்தது. 1997-இல் அதிபர் கிளின்டன் கூட்டரசின் அலுவலகக் கட்டடங்களுக்குத் தடை ஆணை பிறப்பித்தார்.

பணி நேரத்துக்கு வெளியே

பணியிடத்தில் தடை பரவிய அதே காலத்தில் சில நிறுவனங்கள் ஒரு படி மேலே சென்றன. வீட்டில் புகைபிடிப்பவரையும் வேலைக்கு எடுப்பதில்லை என்று அவை அறிவித்தன. அலாசுகா விமான நிறுவனம் 1985 முதல் இம்முறையைக் கடைப்பிடித்தது.

நீதிமன்றங்கள் பொதுவாக முதலாளிகளின் பக்கமே நின்றன. ஓக்லகோமா நகரத் தீயணைப்புத் துறையில் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர், ஓராண்டு வரை பணியிலும் வெளியிலும் புகைபிடிப்பதில்லை என ஒப்பந்தம் செய்திருந்தார். மதிய உணவு இடைவேளையில் மூன்று முறை புகையிழுத்ததற்காக அவர் நீக்கப்பட்டார். தீயணைப்பு வீரருக்கு உடல்நலம் இன்றியமையாதது என்ற காரணத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987-இல் இந்நீக்கத்தை ஏற்றது. வடக்கு மயாமி நகராட்சி, தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிப்பவரும் கடந்த ஓராண்டாகப் புகையிலை பயன்படுத்தவில்லை என உறுதிமொழி தர வேண்டும் என்றது. புளோரிடா உச்ச நீதிமன்றம் 1995-இல் இதனையும் ஏற்றது. தட்டச்சுக்கும் நுரையீரலின் வலிமைக்கும் தொடர்பில்லை. அங்கே சொல்லப்பட்ட காரணம் மருத்துவச் செலவு ஆகும்.

மிச்சிகன் மாநிலத்தின் வெய்கோ நிறுவனம் இதனை மேலும் நீட்டியது. 2005 சனவரி முதல் புகைபிடிக்கும் எவரும் பணியில் நீடிக்க முடியாது என அது விதித்தது. சோதனைக்கு உட்பட மறுத்த நால்வர் வேலை இழந்தனர்.

இப்போக்குக்கு எதிராக, பணி நேரத்துக்கு வெளியே புகைபிடிப்பதைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று 29 மாநிலங்களும் கொலம்பியா மாவட்டமும் சட்டம் இயற்றின. இச்சட்டங்களை ஆதரித்தவர்களில் இரு வேறு தரப்பினர் இருந்தனர். புகையிலை நிறுவனங்கள் தம் விற்பனையைக் காக்க முயன்றன. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் தனிவாழ்வு உரிமையை முன்வைத்தது.

காப்பீட்டுக் கூடுதல் கட்டணம்

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் காப்பீட்டை வழங்கத் தொடங்கின. அதனால் ஊழியரின் நோய், முதலாளியின் கணக்கில் செலவாக வந்து சேர்ந்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, புகைபிடிக்கும் ஓர் ஊழியரால் ஆண்டுக்கு 5,816 டாலர் கூடுதல் செலவு ஆவதாக மதிப்பிட்டது. அதில் மருத்துவச் செலவு 2,056 டாலர் மட்டுமே. புகைபிடிக்கச் செல்லும் இடைவேளைகளால் இழக்கப்படும் நேரத்தின் மதிப்பு 3,077 டாலர்.

ஆயுள் காப்பீட்டில் வேறுபாடு முன்பே வந்துவிட்டது. மாசச்சூசெட்சின் ஸ்டேட் மியூச்சுவல் நிறுவனம் 1964-இல் புகைபிடிக்காதோருக்குக் குறைந்த கட்டணம் அறிவித்தது. குழு மருத்துவக் காப்பீட்டில் உடல்நிலையைக் காரணமாக்கிக் கூடுதல் கட்டணம் பெறுவதை 1996-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் தடுத்தது. ஆனால் உடல்நலத் திட்டங்களுக்கு அது விலக்கு அளித்தது. அவ்விலக்கு வழியாகவே புகையிலைக் கட்டணம் நுழைந்தது. 2006-ஆம் ஆண்டு விதிகள் அதன் உச்ச அளவைக் காப்பீட்டுச் செலவில் 20 விழுக்காடு என வரையறுத்தன. 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டமும் அதன் கீழ் 2013-இல் வந்த விதிகளும் புகையிலைக்கு இதனை 50 விழுக்காடாக உயர்த்தின. எடுத்துக்காட்டாக, ஓர் ஊழியரின் காப்பீட்டு மொத்தச் செலவு ஆண்டுக்கு 8,000 டாலர் எனில், 4,000 டாலர் வரை கூடுதலாகப் பெறலாம்.

இதற்கு ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. புகைபிடிப்பதை நிறுத்த இயலாதவருக்கு மாற்று வழி தரப்பட வேண்டும். பயிற்சி வகுப்பு போன்ற அந்த மாற்றை ஊழியர் முடித்துவிட்டால், அவர் பழக்கத்தை விடாவிட்டாலும் கூடுதல் கட்டணத்தை நீக்க வேண்டும். இந்த வாய்ப்பை முறையாகத் தெரிவிக்கவில்லை, ஏற்கெனவே வாங்கிய தொகையைத் திருப்பித் தரவில்லை எனக் குற்றம்சாட்டிப் பல நிறுவனங்கள் மீது அண்மைக் காலத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன.

யார் புகைபிடிப்பவர் என்பதை அறிய, பல நிறுவனங்கள் ஊழியரின் உறுதிமொழியை ஏற்கின்றன. சில நிறுவனங்கள் சிறுநீர், உமிழ்நீர் அல்லது இரத்தத்தில் கோட்டினின் அளவைச் சோதிக்கின்றன. நிக்கோட்டின் உடலில் சிதைந்து கோட்டினின் உண்டாகிறது. பழக்கத்தை விடுவதற்காக நிக்கோட்டின் மெல்லுபசை பயன்படுத்துவோரிடமும் இது காணப்படும் என்பது இச்சோதனையின் குறை.

பயனும் விமர்சனமும்

ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 750 டாலர் வரை பரிசு அறிவிக்கப்பட்டவர்களில் 14.7 விழுக்காட்டினர் பழக்கத்தை விட்டிருந்தனர். பரிசு இல்லாதவர்களில் இது 5.0 விழுக்காடு. ஆனால் இதனைத் திட்டமாக்க முற்பட்டபோது, புகைபிடிக்காத ஊழியர்கள் எதிர்த்தனர். ஒருபோதும் புகைக்காத தங்களுக்கு ஒன்றும் இல்லை, புகைத்தவருக்குப் பரிசா என்பது அவர்களின் கேள்வி. நிறுவனம் பரிசைக் கைவிட்டுக் கூடுதல் கட்டணத்துக்கு மாறியது. ஆய்வு மெய்ப்பித்தது பரிசின் பயனை. நடைமுறைக்கு வந்ததோ தண்டனை.

தனிநபர் காப்பீட்டுச் சந்தையில் கூடுதல் கட்டணத்தின் விளைவை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அதனால் புகைபிடிப்போர் காப்பீடு எடுப்பது குறைந்ததாகவும் பழக்கத்தை விடுவது கூடவில்லை என்றும் கண்டது. அரசு தரும் மானியம் இக்கூடுதல் தொகைக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் புகைப்பழக்கம் குறைந்த வருமானமுடையோரிடையே அதிகம். எனவே சுமை அவர்கள் மீதே விழுகிறது என்பது முதன்மையான விமர்சனம். கலிபோர்னியா, நியூயார்க்கு, நியூ செர்சி, மாசச்சூசெட்சு உள்ளிட்ட சில மாநிலங்கள் தனிநபர் காப்பீட்டில் இக்கட்டணத்தை அனுமதிப்பதில்லை.

பிற நாடுகள்

பணியிடத் தடை அமெரிக்காவுக்கு வெளியேயும் விரைவாகப் பரவியது. 2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்கள் அனைத்திலும் தடை கொண்டுவந்த முதல் நாடானது. இங்கிலாந்தில் 2007 சூலையில் தடை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் கீழ், 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்கள் உள்ளிட்ட பொது இடங்களில் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டது. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படும்.

காப்பீட்டுக் கூடுதல் கட்டணம் இவ்வாறு பரவவில்லை. இங்கிலாந்தில் மருத்துவச் செலவு வரிப்பணத்திலிருந்து செய்யப்படுவதால், அதனை ஊழியரிடம் வசூலிக்கும் தேவை முதலாளிக்கு எழவில்லை. அமெரிக்காவில் 2021-இல் வயது வந்தோரில் 11.5 விழுக்காட்டினரே சிகரெட் பிடித்தனர். பணியிடத் தடை அங்கு இன்று பெருமளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாகிவிட்டது. கூடுதல் கட்டணம் மட்டும் நீதிமன்றங்களில் இன்னும் விவாதிக்கப்பட்டு வருகிறது.