மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பாலும்: மலாக்காத் தமிழர் உணவுச் சேர்க்கைகள் உருவான வழி

1854ஆம் ஆண்டு மலாக்காவில் தங்கியிருந்த இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸுக்கு டுரியான் பழத்தின் வாடையே பிடிக்கவில்லை. பிறகு போர்னியோவில், மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு பழத்தைத் திறந்தவெளியில் தின்று பார்த்தவர், அதற்கு அடிமையாகிவிட்டார். 1869இல் வெளிவந்த தம் நூலில் அதன் சுவையைச் சொல்ல அவர் துணைக்கு அழைத்தவை பாதாம் மணக்கும் கஸ்டர்டு, பாலாடைக்கட்டி, வெங்காயக் குழம்பு, ஷெர்ரி மது ஆகியவை. இந்த நான்கையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கொடுத்திருந்தால் அவரே எழுந்து போயிருப்பார். பிடித்துப்போன பிறகு பொருந்தாத சேர்க்கை என்று ஒன்று இருப்பதில்லை.

மலாக்காத் தமிழரின் தட்டுகளைப் பார்க்கும் வெளியூர்த் தமிழருக்கும் இப்படி முகம் சுளிக்கும் இடங்கள் பல உண்டு. தோசைக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பால் எனும் மிளகாய்த் தொக்கு, ரொட்டி சானாயின் மேல் சீனி, டின்னில் அடைத்த சாடின் மீனில் புளிக்கரைசல், மாங்காய்க்கு உப்புக்குப் பதில் கிச்சாப்பு எனும் சோயாச் சாறும் சீனியும் நறுக்கிய மிளகாயும், அவித்த மரவள்ளிக்கிழங்குக்குச் சம்பால். இவற்றைப் ‘பல இனக் கலப்பு’ என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கலப்பு எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று பார்த்தால், மலாக்காவில் இரண்டு வேறு வரலாறுகள் தெரிகின்றன. ஒன்று திருமணத்தின் வழி வந்தது, மற்றது மளிகைக் கடையின் வழி வந்தது.

முதலாவது மலாக்காச் செட்டிகளுடையது. 1511இல் போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே சோழமண்டலக் கரை வணிகர்கள் மலாக்காத் துறைமுகத்தில் செல்வாக்கோடு இருந்தனர். 1512 முதல் 1515 வரை எழுதப்பட்ட, போர்த்துக்கீசியரான தோமே பிரேசின் குறிப்புகள் அவர்களைப் பற்றிப் பேசுகின்றன. அவ்வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழிவந்தோர் வீட்டில் மலாய் பேசுகிறார்கள், பெண்கள் கெபாயா உடுத்துகிறார்கள், சமயத்தில் இந்துக்களாகவே இருக்கிறார்கள். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் இவர்களுடையது.

அடுப்படி உள்ளூர்ப் பெண்ணின் கையில் இருந்ததால், பெலாச்சான் எனும் புளித்த இறால் விழுது தொடுகறியாக வெளியே நிற்கவில்லை. மிளகாயோடும் மஞ்சளோடும் அம்மியில் அரைபட்டுக் குழம்புக்குள்ளேயே போனது. சைவ நாக்குக்கு இது அதிர்ச்சி தரலாம். ஆனால் பொங்கலுக்கு முந்திய போகி நாளில் செட்டிகள் முன்னோருக்கு வாழையிலை விரித்துப் படைக்கும்போது, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும் அதில் இடம்பெறுகிறது. ஆண்டின் நடுவில், பழப் பருவத்தில் செய்யும் படையலில் டுரியானும் உண்டு. முன்னோருக்குப் படைக்கும் அளவுக்குச் சொந்தமாகிவிட்ட உணவை விநோதம் என்று எப்படிச் சொல்வது?

தோட்டத் தமிழர் கதை வேறு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எழுந்தது மலாக்காவில். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீன முதலாளி கித்தா எனும் ரப்பர்க் கன்றுகளை நட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி பல ஆண்டுகளாகத் தோட்ட முதலாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்த பயிர் அது. ரப்பருக்கு முன் மலாக்காவின் உட்பகுதியில் சீன முதலாளிகள் பரப்பி வைத்திருந்தது மரவள்ளி. அது மண்ணைச் சக்கையாக்கிவிடும் என்ற குறை அன்றே இருந்தது. தான் சாய் யான் பிறகு புக்கிட் அசகானில் நிறுவிய பெருந்தோட்டத்தில் மரவள்ளிக்கு இடையே ரப்பர் வளர்ந்தது. ஆக, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழர் இறங்கிய மண்ணில் கிழங்கு முன்பே இருந்தது.

ஆனால் அவர்கள் அதை உடனே ஏற்கவில்லை என்றே கருதுகிறேன். ஊரிலிருந்தே ஆள் திரட்டும் கங்காணி முறையில் ஆட்கள் ஊர் ஊராக, உறவு உறவாக வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். அம்மியும் அரைக்கும் பழக்கமும் கூடவே வந்தன. ரேஷனில் அரிசி, கடையில் பருப்பு, புளி, மிளகாய், கருவாடு. சட்டிக்குள் நடப்பது ஊரில் நடந்தது போலவே தொடர முடிந்தது. புதியவை சட்டிக்கு வெளியே, தட்டின் ஓரத்தில் வந்து சேர்ந்தன. செட்டி வீட்டில் பெலாச்சான் குழம்புக்குள் கரைந்தது என்றால், தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் சம்பால் தோசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு திருமணத்தின் தூரம்.

கடை வழி வந்தவற்றில் முதலிடம் டின்களுக்கு. பிரெஞ்சுக்காரர் ஆல்பிரட் குளுவே 1892இல் சிங்கப்பூரில் தொடங்கிய வணிக நிறுவனத்தின் சேவல் முத்திரைச் சாடின் மலாயா முழுவதும் பரவியது. விடிவதற்கு முன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரத்தில் பால் வெட்டி முடிக்க வேண்டிய குடும்பத்தில் மீன் கழுவ நேரம் ஏது? டின்னைத் திறந்து, தக்காளிச் சாற்றில் ஊறிய மீனை வெங்காயத்தோடும் மிளகாயோடும் வதக்கி, அதன் மேல் புளியும் ஊற்றினார்கள். தக்காளியின் புளிப்பு ஒருபோதும் புளியின் புளிப்பாகாது என்ற பழைய நம்பிக்கையாக இருக்கலாம். இலங்கைத் தோட்டங்களிலும் டின் மீன் குழம்பாகியிருக்கிறது.

டின் பாலும் இப்படித்தான். பிற்காலத்தில் நெஸ்லே ஆன நிறுவனம் 1912இல் பினாங்கில் கடை திறந்தது. தோட்டத் தமிழர் பலர் மாடு வளர்த்தவர்கள், பால் விற்றவர்கள். அப்படியிருந்தும் ரொட்டியில் தடவவும் கோப்பியில் கலக்கவும் டின் பால் வீட்டுக்குள் வந்தது. இதில் இனிப்பு மட்டும் இல்லை. 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விற்பதைக் கொலைக்குச் சமமாக வைத்து உரையாற்றினார். நாம் ஏக்கத்தோடு நினைக்கும் சுவைகளில் சில பச்சைக் குழந்தைகளின் உயிரோடு விளையாடியவை என்பதையும் ஆய்வாளர் சொல்லத்தான் வேண்டும்.

மரவள்ளியைத் தட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தது போர். 1942 ஜனவரி நடுவில் ஜப்பானியர் மலாக்காவைப் பிடித்தனர். தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிய நாடு மலாயா. கப்பல் நின்றதும் அரிசி மறைந்தது. ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். தோட்டத்தில் எஞ்சியவர்கள் கித்தாக் காட்டின் ஓரங்களில் கிழங்கு நட்டுப் பிழைத்தனர். மலாய்க்காரர் கிழங்கோடு சாப்பிட்டு வந்த சம்பால் அருகிலேயே இருந்தது. மாவாக, சப்பென்று இருக்கும் கிழங்குக்கு உறைப்பும் உப்பும் மீன்வாடையும் தேவைப்பட்டன. நெத்திலிச் சம்பாலில் மூன்றும் இருந்தன.

இந்தச் சேர்க்கை தஞ்சாவூர்க்காரருக்குத்தான் விநோதம். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். அப்பகுதியில் கிழங்கும் மீனும் அன்றாடச் சாப்பாடு. அங்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மலாக்கா லயத்தில் இந்தத் தட்டைப் பார்த்தால் ஊர் நினைவுதான் வந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. லயத்து மக்கள் பால் வெட்டிய ரப்பர் மரமும் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து வந்தது. அந்தத் தட்டில் நெத்திலி மட்டுமே மலாக்கா நீரிணைக்குச் சொந்தம்.

அதே போர் தமிழ்நாட்டில் செய்த வேலை வேறு. மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதால் 1943இல் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். லயத்தில் பஞ்சத்தின் அடையாளமான கிழங்கு, சேலம் வழியாகப் பாயசத்தில் ஏறி உட்கார்ந்தது. போருக்குப் பின் மரவள்ளி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட முதியோர் தோட்டங்களில் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளோ மலாக்காவின் ஜாசினிலும் மெர்லிமாவிலும் அதை மாலைப் பலகாரமாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நகரத்துக் கடைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே கலப்பை நடத்தியவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். சீனரின் மீ எனும் மஞ்சள் நூடுல்ஸையும் தவ்வு எனும் சோயாக் கட்டியையும் எடுத்து, உருளைக்கிழங்கும் சம்பாலும் சேர்த்து ஒரே சட்டியில் பிரட்டி, மீ கோரேங் ஆக்கினார்கள். இதை அவர்கள் தங்கள் வீட்டுக்காகச் செய்யவில்லை, எல்லா இன வாடிக்கையாளருக்காகவும் செய்தார்கள். அதனால்தான் அது எவருக்கும் அந்நியமாகத் தெரிவதில்லை. ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பும் கிடைத்தது, உறைப்பு ஆகாத பிள்ளைகளுக்குச் சீனியும் கிடைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா இருந்த இடத்தில் செம்பனை வந்து, 1970களில் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போனபோது, லயத்துச் சுவையும் கடைச் சுவையும் ஒரே வீட்டில் சந்தித்தன. தோசைக்கும் நாசி லெமாக்குக்கும் ஒரே சம்பாலைக் கிண்டி வைக்கும் பழக்கம் தாமான் எனும் நகரக் குடியிருப்புகளின் வீடுகளில்தான் நிலைபெற்றது என்பது என் கணிப்பு.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியரின் காலைப் பசியாறும் பண்பாட்டை மனித குலத்தின் அருவமான பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் முன்னிறுத்தப்பட்டவை நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எனும் இழுத்து ஆற்றிய தேநீர். பின்னிரண்டும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களின் கைவழியாகப் பரவியவை. முதலாவதை மலாக்காச் செட்டிகள் போகியன்று வாழையிலையில் படைக்கிறார்கள்.