கை கால் வந்துடுச்சு, கணக்கு வந்துச்சா?

(பதிவு கொஞ்சம் நீளம் மக்களே. ஒரு டீ போட்டுக்கிட்டு வந்துருங்க.)

எங்க கலசப்பாக்கம் பக்கத்துல யாருக்காவது ஸ்ட்ரோக் வந்தா "கை கால் இழுத்துக்கிச்சு"ன்னுதான் சொல்வாங்க. கொஞ்சம் படிச்சவங்க பக்கவாதம்பாங்க, பழைய வைத்தியருங்க பட்சவாதம்பாங்க. ரெண்டுக்கும் ஒரு பக்கம் செயலிழக்கறதுன்னுதான் அர்த்தம். ஆங்கிலத்துல ஸ்ட்ரோக்னா வெறும் 'அடி'. எந்தப் பேர்லயாவது மூளைங்கற வார்த்தை இருக்கா பாருங்க. இத்தனைக்கும் நோய் வந்தது மூளையில.

பேர்லயே விட்டுப்போனதால விசாரிக்கறதுலயும் விட்டுப்போச்சு. பார்க்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "நடக்கறாரா? கை தூக்கறாரா?"ன்னுதான் கேப்பாங்க. "நேத்து என்ன சாப்பிட்டோம்னு ஞாபகம் இருக்கா? காசு எண்ணறாரா?"ன்னு கேக்கறவங்க அபூர்வம். அந்தக் கேக்காத கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கு. அதுதான் இந்தப் பதிவு.

நமக்குத் தெரிஞ்ச ஆள்ல இருந்து ஆரம்பிக்கலாம். 1984 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவுல சேர்க்கப்பட்டார். அப்போ அவருக்கு 67 வயசு. சிறுநீரகக் கோளாறோட பக்கவாதமும் சேர்ந்துக்கிச்சு. நவம்பர்ல தனி விமானத்துல நியூயார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ப்ரூக்ளின் ஆஸ்பத்திரியில டிசம்பர்ல மாற்றுச் சிறுநீரகம் வச்சாங்க. அதே டிசம்பர்ல இங்க தேர்தல். அவர் உயிரோட நல்லா இருக்கார்னு காட்ட, ஆஸ்பத்திரியில எடுத்த வீடியோவை ஊர் ஊரா போட்டுக் காட்டினாங்க. படுக்கையில இருந்தபடியே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சார். 1985 பிப்ரவரியில திரும்பி வந்து மறுபடியும் முதல்வரா பதவியேத்தார். 1987 டிசம்பர் 24 வரைக்கும், அதாவது சாகற வரைக்கும், அவர்தான் முதல்வர்.

அந்த மூணு வருஷமும் அவருக்குப் பேச்சு சரியா வரல. 1967-லயே கழுத்துல குண்டு பாய்ஞ்சு குரல் கெட்டிருந்தது, அது மேல இது வேற. ஜனங்க கையசைக்கறாரான்னு பார்த்தாங்க. அசைச்சா போதும், தலைவர் நல்லாயிட்டார். எதிர்த்தவங்க பேச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. பேச முடியாதவர் எப்படி ஆளுவார்னாங்க. ரெண்டு தரப்புமே அளவுகோலைத் தப்பா வச்சுக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணுது. கையசைக்கறதும் பேச்சும் புத்திக்கு சாட்சி ஆகாது.

இது 1861-லயே தெரிஞ்ச சமாச்சாரம். பாரிஸ் பக்கத்துல பிசெத்ர் ஆஸ்பத்திரியில லெபோர்ன்னு ஒருத்தர் இருபது வருஷத்துக்கு மேல கிடந்தார். என்ன கேட்டாலும் அவர் வாயில வர்றது "தான், தான்" மட்டும்தான். ஆனா மத்தவங்க சொல்றது பெரும்பாலும் புரியும். அவர் இறந்ததும் பால் ப்ரோக்கா மூளையைப் பார்த்தார். இடது பக்கம் முன்பகுதியில ஒரு இடம் கெட்டுப்போயிருந்தது. பேச்சுக்குன்னு மூளையில தனி இடம் இருக்கு, அது கெட்டா வார்த்தை போகும், ஆனா ஆள் உள்ளே இருப்பார்னு உலகத்துக்குப் புரிய ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். வாய் பேசாத தாத்தா முன்னாடியே "இவருக்கு ஒண்ணும் புரியாது"ன்னு சொத்துக் கதை பேசறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இதுக்கு நேர் எதிர் கேஸ் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன். 1919 அக்டோபர் 2-ம் தேதி அவருக்கு இடது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு ஓரளவுக்கு இருந்தது. மனைவி எடித்தும் டாக்டரும் விஷயத்தை வெளியே விடாம மூடி வச்சாங்க. அவர் தனக்குப் பெருசா ஒண்ணும் இல்லைங்கற மாதிரியே நடந்துக்கிட்டார். அவர் கனவு கண்ட சர்வதேச சங்க ஒப்பந்தம் செனட்ல ரெண்டு தடவை தோத்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தா ஜெயிச்சிருக்கலாம், கொடுக்கல. 1920-ல மூணாவது தடவை நிக்கலாமான்னுகூட யோசிச்சார். இதுல பக்கவாதத்தோட பங்கு எவ்வளவு, பிறவிப் பிடிவாதம் எவ்வளவுன்னு சரித்திரக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனா அவர் பேச்சை மட்டும் கேட்டுட்டு "நல்லாத்தானே இருக்கார்"னு சொல்லியிருந்தா அது தப்புன்னு மட்டும் தெரியுது.

அடுத்த திருப்பம் 1974. அதுவரைக்கும் வயசானவங்களுக்கு மறதி வந்தா "ரத்தக்குழாய் இறுகிப்போச்சு, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்"னு கைகழுவறதுதான் டாக்டருங்க பழக்கம். ஹச்சின்ஸ்கியும் இன்னும் ரெண்டு பேரும் அந்த வருஷம் அதை மறுத்தாங்க. ரத்தக்குழாய் சம்பந்தமான மறதி, குழாய் இறுகறதால மெல்ல வர்றது இல்ல. சின்னதும் பெருசுமா பல அடைப்புகள் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமா சாகடிக்கறதால வர்றதுன்னாங்க. இது ஏன் முக்கியம்? வயசைத் தடுக்க முடியாது, அடைப்பைத் தடுக்கலாம்.

2009-ல பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு சொன்னாங்க. முதல் ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பத்துல ஒருத்தருக்குப் புதுசா மறதி நோய் வருது. மறுபடியும் வந்துட்டா மூணுல ஒருத்தருக்கு மேல. அதாவது பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கை காலுக்கு மட்டும் இல்ல சாமி, ஞாபகத்துக்கும் சேர்த்துத்தான். கை கால் வந்துடுச்சுன்னு மாத்திரையை நிறுத்தறவங்க எங்க ஊர்ல நிறைய.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். கலசப்பாக்கத்துல பஸ் ஏறி போளூர், கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போற ரோட்டுல கணியம்பாடி வரும். அந்த வட்டாரத்து கிராமங்கள் ஒரு உலக ஆய்வுல இருக்கு. பேரு 10/66. 1998-ல கொச்சியில கூடின ஆராய்ச்சியாளர்கள் ஆரம்பிச்சது. மறதி நோய் உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் வளரும் நாடுகள்ல இருக்காங்க, ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் கம்மின்னு அந்தப் பேர். இந்தியாவுல சென்னை நகரமும் வேலூர் கிராமங்களும் எடுத்துக்கிட்டாங்க.

2008-ல முடிவு வந்தது. 65 வயசுக்கு மேல உள்ளவங்களை அமெரிக்க மனநல மருத்துவ அளவுகோல்படி பார்த்தா, இந்திய கிராமத்துல மறதி நோய் வெறும் 0.3 சதவீதம்! ஆகா, நம்ம கேழ்வரகுக் கூழோட மகிமைன்னு காலரைத் தூக்கிக்கலாமா? வேணாம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் பொருந்தற மாதிரி அவங்களே செஞ்ச அளவுகோல்ல பார்த்தா, எல்லா நாட்டுலயும் 5.6-ல இருந்து 11.7 சதவீதம் வரைக்கும் வந்தது. நம்ம கிராமம் விதிவிலக்கு இல்ல. பழைய அளவுகோல் 'அன்றாட வேலை பாதிக்குதா'ன்னு கேக்கும். நம்ம வீட்டுல பெருசுங்களுக்கு ஏது வேலை? திண்ணையில உக்காந்திருப்பாங்க, தட்டு நேரா வந்துடும். "வயசானா அப்படித்தான்"னு நாமளே பதில் சொல்லிடுவோம். நோய் இருந்தும் இல்லாத மாதிரிதான் கணக்குல வரும்.

சின்னதா ஒரு கொசுவத்தி. எங்க பெரியப்பா மல்லாட்டை வியாபாரி. எத்தனை மூட்டை, என்ன விலைன்னு சொன்னா, நீங்க பேனாவை எடுக்கறதுக்குள்ள தொகை சொல்லிடுவார். ஸ்ட்ரோக் வந்து மூணே மாசத்துல கோல் ஊனி செய்யாத்துப் பாலம் வரைக்கும் நடந்தார். ஊரே "சரியாயிட்டார்"னு சொல்லிச்சு. அவர் மருமக, எங்க அண்ணி மட்டும், "மாமா ஐநூறு ரூபா நோட்டைக் குடுத்துட்டு மீதி வாங்காம வந்துடறாரு தம்பி"ன்னாங்க. யாரும் காதுல வாங்கல. ஆறு மாசம் கழிச்சு, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நீட்டின பத்திரத்துல பெரியப்பா கையெழுத்துப் போட்டுட்டார். கிணத்தோட முக்கால் ஏக்கர். "நல்லாத்தானே நடமாடறார், தெரிஞ்சுதான் போட்டிருப்பார்"னு ஊர் பேசிச்சு. நிலம் திரும்பி வரவே இல்ல. பெரியப்பா அதுக்கப்புறமும் விதை வாங்கணும்னு அண்ணிகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தார்.

10/66 ஆளுங்க பெருசுகிட்ட மட்டும் இல்லாம, கூட இருந்து பாத்துக்கறவங்ககிட்டயும் தனியா உக்காந்து கேட்டாங்க. எங்க அண்ணி மாதிரி ஆளுங்ககிட்ட. எனக்கு இந்த ஆய்வுல ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டு வாசலுக்கே பிபி, சர்க்கரை மாத்திரை வருது. இயன்முறை சிகிச்சையும் வருது. அந்த வாசல்லயே இன்னும் நாலு கேள்வியும் கேக்கலாம். தீபம் எந்த மாசம் ஏத்துவாங்க? நூறு ரூபா குடுத்து அறுபத்தஞ்சுக்கு வாங்கினா மீதி எவ்வளவு? காலையில யார் வந்துட்டுப் போனாங்க? அப்புறம் மருமகளைத் தனியா கூப்பிட்டு, "முன்ன மாதிரி இருக்காராம்மா?" பதில் சரியா வரலைன்னா டாக்டர்கிட்ட அதைத் தனியா சொல்லுங்க. பத்திரம், பேங்க் புத்தகம் விஷயத்துல வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருங்க.

அடுத்த தடவை யாரையாவது பார்க்கப் போறப்போ, கை காலை விசாரிச்ச கையோட கணக்கையும் ஒரு வார்த்தை விசாரிங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, சரித்திரம் படிக்கற பொழுதுபோக்கு ஆசாமி. உங்க வீட்டுல முதல்ல கவனிச்சது யாருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.