ஈழத்து மாதரும் வாக்குரிமையும்

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?” என்பது நம்மவரிடையே நெடுங்காலம் வழங்கிய பழமொழி. படிப்பின் வாயில் திறந்த பின்னரும் அக்கேள்வி மாயவில்லை, “படித்த பெண்ணுக்கும் வாக்கு எதற்கு?” என வேறு கோலம் பூண்டது. அதற்கு நம் நாட்டு மாதர் அளித்த விடையை ஈண்டு நோக்குவாம்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டிலே சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய பெருந்தகை. அத்தொண்டை யாழ்ப்பாணம் என்றும் மறவாது. எனினும், டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றவர்களுள் அவரும் ஒருவர். பெண்ணின் மேன்மை இல்லறத்திலேயே உள்ளது, அரசியல் அதனைக் குலைத்துவிடும் என்பது அக்காலப் பெரியோர் பலரின் எண்ணம். பெண்ணை இகழ்வோர் இடும் தடை எளிதிற் புலனாகும்; அவளைப் போற்றுவோர் இடும் தடையோ மாலைபோலத் தோன்றும். எதுவாயினும் தடை தடையே அன்றோ?

அந்நாளில் வாக்குரிமை சொத்தும் வருவாயும் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியதாயிருந்தது. நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்காளர். 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றிற்று. அதன் செயலாளர் திருமதி எக்னஸ் டி சில்வாவும் தோழியரும் 1928இல் ஆணைக்குழுவின்முன் தோன்றி வாதாடினர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, ஆதலால் அவர்களுக்கும் வேண்டும் என்று அவ்வம்மையார் தயங்காது விடையிறுத்தார். தமக்கு மட்டும் கேட்டிருப்பின் அது சலுகை; எல்லோர்க்கும் கேட்டமையால் அது உரிமையாயிற்று.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு வழங்கலாமென ஆணைக்குழு பரிந்துரைத்தது. 1931இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதோ ஆடவர், பெண்டிர் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. பிரித்தானியப் பெண்கள் இச்சமநிலையை எய்தியதும் 1928இலேதான்.

ஆயினும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் மேலும் காத்திருக்க நேர்ந்தது. பூரண சுயராச்சியம் வேண்டி நின்ற யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. வடபகுதியின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. அவற்றை நிரப்புதற்கான உபதேர்தல்கள் 1934இலேயே நடைபெற்றன. அதுவரை அத்தொகுதிப் பெண்களின் வாக்குரிமை ஏட்டளவிலேயே நின்றது.

இதற்கிடையில், 1931 நவம்பரில் ருவன்வெல்லையில் வெற்றியீட்டிய அடலின் மொலமூரே அம்மையார் அரசாங்க சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1932 மே மாதத்தில் கொழும்பு வடக்கு உபதேர்தலில் திருமதி நேசம் சரவணமுத்து வென்றார். தேர்தல் வழக்கால் கணவர் இழந்த ஆசனத்தில் மனைவி போட்டியிட்டு, மக்களின் வாக்கினால் அமர்ந்தார். சட்டம் இயற்றும் சபையில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் குரல் ஒலித்தது.

பெற்ற உரிமை தானாகவே நிலைத்துவிடுவதன்று. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். எந்தத் தோட்டப் பெண்களுக்காக 1928இல் வாதாடப்பட்டதோ, அவர்களும் அவருள் அடங்குவர். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்தது நம் நாடு. ஆயினும் 2024இல் தெரிவான பாராளுமன்றத்திற்கூடப் பெண்கள் பத்திலொரு பங்கைத் தாண்டவில்லை. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கென ஒதுக்கும் ஏற்பாடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே முதன்முறை செயற்பட்டது.

ஆதலின் சகோதரிகளே, பட்டியலை நிரப்பும் பெயராக மட்டும் நில்லாதீர். சபையில் எழுந்து பேசும் குரலாக விளங்குவீர். இளைஞர்களே, நம் சங்கங்களின் நிர்வாக சபையிலே பெண்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். பெண்ணைச் சக்தியென வணங்கும் நாம், அச்சக்திக்கு ஆசனம் அளிக்கத் தயங்குவது முறையோ?