டவருக்கு ஏறாத காற்று

ஏரியூர்ப் பக்கத்து நாகமரைத் துறையில் நின்றால், கண்ணுக்கு எட்டிய மட்டும் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம்தான். 1934-இல் கட்டி முடித்த அணை. 1937-இல் அங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் 2012-இல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. ஃபேன் நின்றது, மோட்டார் நின்றது. செல்போன் டவர்கள் மட்டும் டீசலைக் குடித்துக்கொண்டு ஓடின.

டவரின் அடியில் இருக்கும் சிறிய அறையில்தான் அதன் உயிர் இருக்கிறது. 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக இணைந்து 48 வோல்ட் தரும். கரண்ட் போனால் சுமையை முதலில் தாங்குவது இந்த பேட்டரி. அது இறங்கியதும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். இந்தியாவின் டவர்கள் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி லிட்டர் டீசலை எரிக்கின்றன என்பது 2011-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முன்வைத்த கணக்கு.

அதே 2012-இல் தமிழகத்தில் சுமார் 7,000 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு டவருக்கு ஏன் டீசல்?

காற்றுக்கும் கம்பியில்லாத் தொடர்புக்கும் உள்ள உறவு பழையது. 1930-களில் கரண்ட் எட்டாத அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ரேடியோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியது, கூரைமேல் சுழன்ற 'வின்சார்ஜர்' என்ற சிறு காற்றாடி. அந்த வழியில் 2007-இல் நமீபியாவில், காற்றும் வெயிலும் சேர்ந்து ஒரு செல்போன் டவரை இயக்கும் சோதனையை மோட்டரோலா நிறுவனம் அந்நாட்டின் செல்போன் நிறுவனமான எம்.டி.சி.யுடன் சேர்ந்து நடத்தியது.

தமிழகத்தில் காற்று டவருக்குப் போகாமல், பெரிய காற்றாலைகள் என்ற வேறு பாதையில் போனது. அதற்கு முதல் தடம் போட்டவர்களில் ஒருவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானிலை விஞ்ஞானி. 1983-இல் சக வானிலை விஞ்ஞானி மூலேவுடன் சேர்ந்து இந்தியாவின் காற்றுத் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். பணி ஓய்வுக்குப் பிறகும், எங்கே எத்தனை வேகத்தில் காற்று வீசுகிறது என்று ஊர் ஊராக அளக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். காற்றாலை போடுமுன் காற்றை அள என்ற அந்தப் பொறுமைதான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய சொத்து. 1986-இல் தூத்துக்குடி அருகே 55 கிலோவாட் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. பின்னர் கயத்தாறு, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய பல்லடம், உடுமலைப் பக்கம் என்று இறக்கைகள் பெருகின.

அத்தனையும் கணவாய்க் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் பிதுங்கி வரும் இடங்கள் அவை. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே முப்பந்தலில் பொன்னாகும் இயந்திரம் வேறோர் ஊரில் வெறும் இரும்பாகலாம். டவரோ காற்றைத் தேடிப் போகாது. மக்கள் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். பருவம் தாண்டிய மாதங்களில் காற்று ஓய்ந்தாலும் அழைப்புகள் ஓய்வதில்லை.

2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது: 2015-க்குள் கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும் நகர்ப்புறத்தில் 20 சதவீதமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் மின்வாரிய கரண்டும் கலந்த முறைக்கு மாற வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் சூரியத் தகட்டையே நாடின. சுழலும் பாகம் இல்லை, அதிர்வு இல்லை, கிரீஸ் போட ஆள் ஏற வேண்டியதில்லை. விலையும் சரிந்துகொண்டே வந்தது. அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் ஆடி மாதத்தில் மேகம் மூடி வெயில் குறையும்போதுதான் காற்று வலுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். மலையோர, நீர்த்தேக்கக் கரையோர டவர்களில் ஓராண்டு காற்றை அளந்து பார்ப்பது பெரிய செலவல்ல. காற்றுமானியைப் பொருத்த உயரமான கம்பம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது.