ஆலிவ் எண்ணெயும் கல்லீரலும்

ஆலிவ் எண்ணெய் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகிவரும் ஆலிவ் மரத்தின் பழத்தைப் பிழிந்து எடுப்பது. தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் உண்டு: விவிலியத் தமிழில் ஒலிவ எண்ணெய், முஸ்லிம் வீடுகளில் சைத்தூன் எண்ணெய், மளிகைக் கடையில் ஆலிவ் ஆயில். இது கல்லீரலுக்கு நல்லது என்ற பேச்சு பெரும்பாலும் ஒரே நோயைச் சுற்றி எழுந்தது. மதுவைத் தொடாதவர்களுக்கும் வருகிற கொழுப்புக் கல்லீரல்தான் அது. அந்த நோயில் இதனால் பயன் உண்டு என்பதற்கு நம்பத்தக்க சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயன், தட்டில் இருக்கும் வேறொரு கொழுப்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதை வைக்கும்போது கிடைப்பது. இருக்கிற சாப்பாட்டின் மேல் இதையும் ஊற்றிக்கொண்டால் கிடைக்காது.

கல்லீரலில் சேரும் கொழுப்பு

கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அதை நோயாகக் கணக்கிடுகிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதி வருவது இதன் லேசான நிலையை. குடிப்பழக்கம் இல்லாதவர்களின் கல்லீரலிலும் குடிகாரர்களுக்கு வருவது போன்ற கொழுப்பும் அழற்சியும் இருப்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லூட்விக்கும் சக மருத்துவர்களும் 1980இல் விவரித்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். சர்க்கரை நோய், தொப்பை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றோடு இதற்குள்ள உறவு வெளிப்படும்படி 2023இல் நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நோயாளிகளுக்கு அடையாள அணுக்கள் கொண்ட கொழுப்பைக் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்தது. கல்லீரலில் இருந்த கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியே வந்தது. 26 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரல் தானே தயாரித்துக்கொண்டது. நேராகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 விழுக்காடுதான். எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, மூன்று வேளைச் சோற்றையும் சர்க்கரை போட்ட காபியையும் கணக்கில் சேர்க்காதவர்கள் கவனிக்க வேண்டிய எண்கள் இவை.

எண்ணெயில் இருப்பது என்ன

ஆலிவ் எண்ணெயில் 55 முதல் 83 விழுக்காடு வரை ஒலீயிக் அமிலம் இருக்கிறது. இது ஒற்றை நிறைவுறாக் கொழுப்பமிலம். பாமாயிலில் மிகுந்திருப்பது பால்மிட்டிக் அமிலம். அது நிறைவுற்ற வகை. ஆய்வகத்தில் கல்லீரல் செல்களுக்குக் கொழுப்பேற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது ஒலீயிக் அமிலத்தைத்தான்! செல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி, துளிகளாகப் பத்திரப்படுத்திவிடுகிறது. அதனால் பெரிய சேதம் வருவதில்லை. பால்மிட்டிக் அமிலத்தை அவ்வளவு எளிதாகக் கட்டிவைக்க முடியாமல் செல் நொந்து சாகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒலீயிக் அமிலம் செல்லைக் காப்பாற்றுகிறது. ஆக, அளவு மீறினால் ஆலிவ் எண்ணெயும் கொழுப்பாகச் சேரும், தரத்தில்தான் வேறுபாடு.

சுத்திகரிக்காமல் பிழிந்தெடுத்த எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களும் இருக்கும். நல்ல எண்ணெயை வெறுமனே ஒரு மிடறு குடித்தால் தொண்டையில் சுருக்கென்று காறும். அதற்குக் காரணமான ஒலியோகாந்தால், ஐபுப்ரோஃபென் மாத்திரையைப் போல அழற்சியைத் தணிக்கும் தன்மை கொண்டது என்று 2005இல் கண்டார்கள். ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற மற்றொரு பொருள் எலிகளின் கல்லீரலில் கொழுப்பையும் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் குறைத்திருக்கிறது. மனிதரிடம் அந்த அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. 20 கிராம் எண்ணெயில் குறைந்தது 5 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் வழிப்பொருள்களும் இருந்தால், ரத்தக் கொழுப்பைச் சேதத்திலிருந்து காப்பதாகப் புட்டியில் எழுதிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனுமதித்தது. அந்த அனுமதியில் கல்லீரல் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மனிதரிடம் நடந்த ஆய்வுகள்

ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வில் ஒரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் இலவசமாகப் போனது. ஆய்வின் எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து 100 பேரின் கல்லீரலைச் சுமார் மூன்று ஆண்டுகளுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய்ப் பிரிவில் 8.8 விழுக்காட்டினருக்கும், கொட்டை வகைகள் பெற்ற பிரிவிலும் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன பிரிவிலும் தலா 33.3 விழுக்காட்டினருக்கும் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. வேறுபாடு பெரிதுதான், ஆனால் ஆட்கள் குறைவு. பிரெடிமெட் ஆய்வில் ஆட்களைப் பிரித்த முறையில் பிழை இருந்ததால், 2013இல் வந்த முதன்மைக் கட்டுரையைத் திரும்பப் பெற்று 2018இல் மறுபடி வெளியிட வேண்டியிருந்தது.

இந்தியருக்கு நெருக்கமானது 2014இல் வெளியான ஆய்வு. கொழுப்புக் கல்லீரல் உள்ள 93 ஆண்களுக்கு ஆறு மாதம் சமையல் எண்ணெயை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஆலிவ், ஒரு குழுவுக்குக் கனோலா, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சோயா அல்லது குசும்பா எண்ணெய். நாளுக்கு 20 கிராமுக்கு மேல் யாருக்கும் கிடையாது. ஆலிவ் குழுவில் ஸ்கேன் கிரேடும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தன. கனோலா குழுவிலும் கிரேடு குறைந்தது! அதாவது, பெருமை ஆலிவுக்கு மட்டும் உரியதல்ல. ஆலிவ் குழுவினருக்கு எடையும் குறைந்திருந்ததால், எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எடை குறையாமலே பலன் கிடைக்குமா என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 12 பேரிடம் நடந்த சிறு ஆய்வு விடை சொல்கிறது. ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக் கடல் உணவை ஆறு வாரம் சாப்பிட்டபோது கல்லீரல் கொழுப்பு 39 விழுக்காடு குறைந்தது. கொழுப்புக் குறைந்த, மாவுச்சத்து மிகுந்த உணவில் 7 விழுக்காடு. ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கமும் 2016இல் இந்த உணவுமுறையையே பரிந்துரைத்தது. தனியாக எண்ணெயை அல்ல.

‘கல்லீரல் சுத்திகரிப்பு’

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து இரவில் குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சைக் கற்கள் வரும், அவை கல்லீரலிலும் பித்தப்பையிலும் இருந்த கற்கள் என்று ஒரு வைத்தியம் உலகெங்கும் சுற்றுகிறது. கற்கள் வருவது உண்மை. 2005இல் நியூசிலாந்தைச் சேர்ந்த இருவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவற்றின் குட்டை உடைத்தார்கள். ஒரு பெண்மணி 600 மில்லி எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் சில மணி நேரத்துக்குள் குடித்து, வந்த கற்களைக் கொண்டுவந்திருந்தார். அவை 40 டிகிரி செல்சியஸில் உருகிவிட்டன. அவற்றில் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. நான்கில் மூன்று பங்கு கொழுப்பமிலம். குடித்த எண்ணெயே செரிமான நொதிகளாலும் சாற்றில் உள்ள பொட்டாசியத்தாலும் வயிற்றுக்குள் சோப்பாகித் திரண்டிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு உண்மையான பித்தக்கற்களும் இருந்தன. அவை அசையாமல் பித்தப்பையிலேயே கிடந்தன. பித்தக்கல் உள்ளவர்கள் இப்படிக் கொழுப்பை மொத்தமாக விழுங்கினால் பித்தப்பை இறுகச் சுருங்கி, கல் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அளவும் வாங்கும் விதமும்

ஒரு மேசைக்கரண்டி, சுமார் 13.5 கிராம், 120 கலோரி தரும். நெய்யும் ஏறத்தாழ இதே அளவுதான் தரும் என்பதால் கலோரிக் கணக்கில் சலுகை எதுவுமில்லை. எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று சொல்ல, எண்ணெயின் அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ‘பொமேஸ்’ என்று எழுதியிருந்தால் அது பிழிந்த பிறகு மிஞ்சிய சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. ஒலீயிக் அமிலம் இருக்கும், பாலிஃபீனால் பெரும்பாலும் போயிருக்கும். வெளிச்சத்திலும் அடுப்பருகிலும் வைத்தால் நல்ல எண்ணெயும் சிக்கு நாற்றம் எடுக்கும்.

தாளிப்புக்கும் வதக்கலுக்கும் இது தாங்கும். விலை கட்டுப்படியாகாதவர்கள் கவனிக்கலாம்: கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஒலீயிக் அமிலம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் அது ஏழெட்டு விழுக்காடுதான். கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆகிவிட்டவர்களுக்கும், மதுவால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் மேலே சொன்ன ஆய்வுகள் பொருந்தா. அவை எதுவும் அவர்களிடம் நடத்தப்பட்டவை அல்ல.